'திடீர்' மரணம் திடீரென்று வருவதில்லை!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

நம் ஊர்களில் ஒரு மவுத் செய்தி வந்துவிட்டால், மையவாடிக்குப் போகும் வழியெல்லாம் ஒரு பேச்சு காதில் விழும். 'நேற்று இரவு கூட கல்லாவில் உட்கார்ந்திருந்தாரே! நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார்! திடீரென்று போய்விட்டாரே!' என்பார்கள். நாற்பது வயது, நாற்பத்தைந்து வயது, சில நேரம் முப்பது வயது. சின்னச் சின்னப் பிள்ளைகள். கடையில் பாதி சரக்கு, வெளியில் பாதி பாக்கி. குடும்பமே நடுத்தெருவில் நிற்கும்.

அந்தத் 'திடீர்' என்ற வார்த்தையைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

மரணத்தின் நேரம் இறைவன் கையில் இருக்கிறது. அதில் நம் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இரவு கடைக்குப் பூட்டுப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டு, காலையில் சரக்கு களவு போனதும் 'எல்லாம் விதி' என்று உங்களில் யாராவது சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள். கடைக்கு இரண்டு பூட்டுப் போடுகிற நாம், நெஞ்சுக்கு ஏன் ஒரு பூட்டு கூடப் போடுவதில்லை? இதுதான் என் கேள்வி.

மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'ஹார்ட் அட்டாக்' என்று நாம் சொல்லும் மாரடைப்பும், 'கார்டியாக் அரெஸ்ட்' என்று பத்திரிகைகளில் வரும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல.

ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. அது ஒரு கோளாறு. அதே வீட்டில் கரண்ட் போய்விடுகிறது. அது வேறு கோளாறு. மாரடைப்பு என்பது குழாய்க் கோளாறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து, அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழி அடைபட்டுவிடுகிறது. அப்போது ஆள் பெரும்பாலும் விழித்திருப்பார், பேசுவார், வலிக்கிறது என்பார். ஆனால் அடைபட்ட இடத்துத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்.

இதய நிறுத்தம் என்பது கரண்ட் கோளாறு. இதயம் துடிப்பதற்கான மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் துடிப்பதற்குப் பதில் வெறுமனே நடுங்குகிறது. ரத்தம் வெளியே போவதில்லை. சில விநாடிகளில் ஆள் சாய்ந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது. நான்கைந்து நிமிடங்களில் மூளை பாழாகத் தொடங்கிவிடும்.

இரண்டும் வேறு என்றாலும் உறவு உண்டு. பெரியவர்களுக்கு இதயம் நிற்பதற்குப் பெரும்பாலான சமயங்களில் காரணம் குழாய் அடைப்புதான். எனவே அடைப்பின் அறிகுறியை நேரத்தோடு கண்டுகொண்டால், பல இதய நிறுத்தங்களை வராமலே தடுத்துவிடலாம்.

முன்கூட்டியே வரும் கடிதங்கள்

'அறிகுறியே இல்லாமல் போய்விட்டார்' என்கிறோமே, அது உண்மையா? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இதையே ஆராய்ந்தார்கள். 35 முதல் 65 வயதுக்குள் இதயம் நின்றுபோன 839 பேரை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் அவர்களுக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. பாதிப் பேருக்கு, சரியாகச் சொன்னால் 100-க்கு 51 பேருக்கு, முன்கூட்டியே அறிகுறி இருந்திருக்கிறது. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம், படபடப்பு! அறிகுறி வந்தவர்களில் 100-க்கு 93 பேருக்கு, இதயம் நிற்பதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் அது மறுபடியும் வந்திருக்கிறது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 100-க்கு 19 பேர்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். அப்படிச் செய்தவர்களில் 100-க்கு 32 பேர் பிழைத்தார்கள். செய்யாமல் இருந்தவர்களில் பிழைத்தது 100-க்கு 6 பேர்!

சகோதரர்களே! கடிதம் வந்திருக்கிறது. அதை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. தெருவுக்கு இரண்டு ஆம்புலன்ஸ் இருக்கும் அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், நம் கடைவீதிகளில் என்ன நிலை என்று நினைத்துப் பாருங்கள்.

'ஒன்றுமில்லை தம்பி, வாயு!'

நம்மிடம் ஒரு பெரிய எதிரி இருக்கிறான். அவன் பெயர் 'வாயு'. 'என்ன பாய், இப்படி வேர்த்துக் கொட்டுது?' என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்பார். 'ஒன்றுமில்லை தம்பி, வாயு. ஒரு சோடா வாங்கி வரச் சொல்லு' என்பார் இவர். சோடாவைக் குடிப்பார். ஓர் ஏப்பம் வரும். சற்றுத் தேவலை போலிருக்கும். கல்லாவை விட்டு எழுந்திருக்க மனம் வராது. சாயங்கால வியாபாரம் வேறு இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எல்லாம் முடிந்துபோகிறது.

வாயு நெஞ்சை அடைப்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது வாயு, எது மாரடைப்பு என்பதை உங்களால் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்காமல் என்னாலும் சொல்ல முடியாது. எனவே கீழே சொல்பவற்றில் எது வந்தாலும் மாரடைப்பு என்றே எண்ணிப் புறப்படுங்கள். வாயு என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே திரும்பி வரலாம்.

நடு நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல். நெஞ்சில் மூட்டையை ஏற்றி வைத்தது போன்ற பாரம். அந்த வலி இடது தோள், இரண்டு கைகள், கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறு ஆகியவற்றுக்குப் பரவுவது. சில்லென்று வியர்ப்பது. குமட்டல், வாந்தி. காரணமில்லாத மூச்சிரைப்பு. கண் இருட்டிக்கொண்டு வருவது. வலி ஊசி குத்துவது போல இருக்க வேண்டும், இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதெல்லாம் சினிமா. நிஜத்தில் பலரும் 'வலி' என்ற சொல்லையே சொல்வதில்லை. 'என்னமோ மாதிரி இருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள்.

மாடிப்படி ஏறும்போது, சரக்கு தூக்கும்போது, வேகமாக நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிவிடுகிறதா? அதுவும் ஒரு கடிதம்தான். போன மாதம் மூன்று மாடி ஏறியவருக்கு இந்த மாதம் ஒரு மாடியிலேயே இறுகினால், அது அவசரத் தந்தி!

இரண்டு பேரிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஒருவர் சர்க்கரை நோயாளி. பல ஆண்டுச் சர்க்கரையால் நரம்பு மரத்துப்போய், நெஞ்சுவலியே தெரியாமல் மாரடைப்பு வந்துவிடும். வெறும் வியர்வையும் களைப்பும் மூச்சிரைப்பும்தான் தெரியும். இன்னொருவர் நம் வீட்டுப் பெண்கள். அவர்களுக்கும் நெஞ்சுவலி வரும் என்றாலும், பலருக்கு மூச்சிரைப்பு, அசதி, முதுகுவலி, தாடைவலி என்றுதான் தொடங்குகிறது. 'அடுப்படியில் நின்ற அலுப்பு' என்று உம்மாவே சொல்லிவிடுவார். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அதை நம்பிவிடுவார்கள். நம்பாதீர்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஒரு ஈ.சி.ஜி. எடுத்தேன், நார்மல் என்றார்கள்' என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கக்கூடும். வலி தொடர்ந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும், டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மருத்துவர் 'இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்' என்றால், கடையை நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு!

'இதெல்லாம் வாப்பாவுக்குச் சொல்ல வேண்டியது' என்று பின் வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே! இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

இளவயதில் இதயம் நிற்பதற்குக் குழாய் அடைப்பு மட்டும் காரணமல்ல. பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பது, மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி ஆகியவையும் காரணங்கள். வெளியே பார்த்தால் ஆள் பயில்வான் போல இருப்பான். அவனுக்கு வரும் கடிதங்கள் வேறு மாதிரி இருக்கும். விளையாடிக்கொண்டிருக்கும்போது, ஓடும்போது மயங்கி விழுவது. காரணமில்லாமல் நெஞ்சு படபடவென அடித்துக்கொண்டு தலை சுற்றுவது. குடும்பத்தில் யாராவது 50 வயதுக்கு முன் திடீரென்று இறந்திருப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்க்காமல் மைதானத்துக்கும் போகாதே, ஜிம்முக்கும் போகாதே. 'வெயிலில் மயக்கம்' என்று தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த ஓவர் போடாதே!

கொரோனாவுக்குப் பிறகு இளைஞர்களின் திடீர் மரணங்கள் பற்றி ஊரெல்லாம் பேச்சு. தடுப்பூசிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதை ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரின் விவரங்களை, உயிரோடிருக்கும் 2,916 பேரின் விவரங்களோடு ஒப்பிட்டார்கள். 2023-இல் முடிவு வந்தது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. எவை கூட்டின? குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, கொரோனாவால் மருத்துவமனையில் படுக்கும் அளவுக்கு நோய் முற்றியிருந்தது, போதைப் பொருள், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிய குடி, கடுமையான உடல் உழைப்பு. இவைதான்!

உடற்பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. படிப்படியாக ஏற்றுங்கள் என்கிறோம். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் சதை ஏற்ற நினைப்பதும், ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியைப் போட்டுக்கொள்வதும், காய்ச்சலோடு மேட்ச் ஆடுவதும் வீரமல்ல.

நெஞ்சுக்கு ஓர் ஐந்தொகை

வணிகர்களே! ஆண்டுக்கு ஒருமுறை ஐந்தொகை போடுகிறீர்கள். எங்கே நஷ்டம், யாரிடம் பாக்கி என்று பார்க்கிறீர்கள். அதேபோல நெஞ்சுக்கும் ஓர் ஐந்தொகை போடலாம். என்னென்ன தலைப்பில் எழுதுவது என்பதையும் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவில் புகழ்பெற்ற இதய நோய் அறிஞர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும் வராத அதே அளவு ஆட்களையும் ஒப்பிட்டார்கள். 2004-இல் முடிவு வெளியானது. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் 100-க்கு 90 பங்கு, ஒன்பதே ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது! புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய் கனி உண்ணாமை, உடல் அசையாமை ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்கூட்டியே மாரடைப்பு வருகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஒவ்வொன்றாக உங்கள் பேரேட்டில் எழுதிப் பாருங்கள்.

புகை: 'நான் சிகரெட் இல்லை, பீடிதான்' என்று ஒருவர் பெருமையாகச் சொல்வார். பீடி சிகரெட்டுக்குத் தம்பி அல்ல, அண்ணன்! நிறுத்தினால் ஓர் ஆண்டுக்குள் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடுகிறது. ஒரே ஆண்டில் பாதிக் கடன் தள்ளுபடி! எந்த வியாபாரத்தில் இந்தச் சலுகை கிடைக்கும்?

சர்க்கரை: இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தனக்கு இருப்பது தெரியாமலே நடமாடுபவர்கள் ஏராளம். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 30 வயதானால் ஆண்டுக்கொருமுறை பார்த்துவிடுங்கள்.

ரத்த அழுத்தம்: 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் வைத்தியம் வேண்டும். தலைவலி இல்லையே, மயக்கம் இல்லையே என்று சொல்லாதீர்கள். அது சத்தம் போடாமல் திருடும் திருடன்.

தொப்பை: ஒரு டேப்பை எடுத்துச் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 80-க்கு மேலும் போனால் ஆபத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். எடை எந்திரத்தைவிட இந்த டேப் உண்மை பேசும்.

உழைப்பு: 'காலையிலிருந்து இரவு வரை கடையில்தானே பாடுபடுகிறேன்' என்பீர்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பது பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உடற்பயிற்சி ஆகாது. பஜ்ரு தொழுதுவிட்டு வரும்போது நேராகப் படுக்கைக்குப் போகாமல் அரை மணி நேரம் கைவீசி நடங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் போதும்.

உணவு: பிரியாணியை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வரமாட்டீர்கள். அளவைக் குறையுங்கள், வனஸ்பதியை விலக்குங்கள், ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். இரவு பதினொரு மணிக்குக் கடை அடைத்துவிட்டு வந்து பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

மன அழுத்தம்: வராத பாக்கி, கட்ட வேண்டிய தவணை, வாடகை, வரி. எல்லாம் நெஞ்சில்தான் ஏறி உட்காருகிறது. நான் அதைத் தீர்க்க முடியாது. ஆனால் தூக்கத்தை விற்றுக் கடனை அடைக்க முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் தனிக் கணக்கு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வைத்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். எக்கோவில் இதயத்தின் அழுத்து திறன் 35 சதவீதம் அல்லது அதற்குக் கீழே என்று எழுதியிருந்தால், இதய நிறுத்த ஆபத்து மிக அதிகம். மார்பில் பொருத்தும் சிறிய அதிர்ச்சிக் கருவி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ரமளான் வருகிறது என்றால் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பல மாத்திரைகளை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைக்க முடியும். சிலர் நோன்பு வைக்கவே கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மறுத்துவிட்டு, மாத்திரையையும் விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். நோன்பு நேரத்தில் நெஞ்சுவலி வந்தால் பாங்கு சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

அறிகுறி வந்துவிட்டால்

108-க்குப் போன் செய்யுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க விடாதீர்கள். அவரே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்கார வைத்தும் கொண்டுபோகாதீர்கள். வழியில் இதயம் நின்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் மட்டும் காரில் கொண்டுபோங்கள், உடன் ஒருவர் இருக்க வேண்டும். மாரடைப்புக்கு வைத்தியம் செய்யும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை கிளினிக் கிளினிக்காக அலைந்தால் நேரம் போய்விடும்.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தவர், பக்கவாதம் வந்தவர் அல்ல என்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். 108-இல் பேசுபவரிடம் கேட்டுச் செய்யுங்கள். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையை, மருத்துவர் அவருக்கென்று எழுதித் தந்திருந்தால் தவிர, கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் சரிந்துவிடும். 'பலமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி இருமிக்கொண்டிருக்காதீர்கள். இருமும் நேரத்தில் போன் செய்யலாம்.

ஆள் சாய்ந்துவிட்டால்

இப்போது அந்தப் பயங்கரமான நிமிடம். ஒருவர் கண்முன் சாய்கிறார். நாம் வழக்கமாக என்ன செய்வோம்? கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்து 'வலிப்பு' என்போம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். முகத்தில் தண்ணீர் அடிப்போம். வாயில் சோடா ஊற்றுவோம். சுற்றி நாற்பது பேர் நிற்போம். இதயம் நின்றதும் சில விநாடி உடல் வெட்டி இழுப்பது உண்டு. அதை வலிப்பு என்று எண்ணி நின்றுவிட்டால் உயிர் போய்விடும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்குள் பாருங்கள். மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டு இழுக்கும் கொர்கொர் சத்தம் மட்டும்தான் என்றால் அது மூச்சல்ல, இதயம் நின்றுவிட்டது. ஒருவரை 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நடு நெஞ்சு எலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் பாரத்தைக் கொண்டு அழுத்துங்கள். 5 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்பும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். 'எலும்பு உடைந்துவிடுமோ' என்று அஞ்சாதீர்கள். உடைந்த எலும்பு சேரும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இதயம் நின்ற பின், எதுவும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 100-க்கு 7 முதல் 10 பங்கைத் தின்றுவிடுகிறது. நம் கடைவீதி நெரிசலில் எந்த ஆம்புலன்ஸ் நான்கு நிமிடத்தில் வரும்? அவருக்கு முதல் வைத்தியர் பக்கத்துக் கடைக்காரர்தான்!

கால்பந்து பார்க்கும் தம்பிகளுக்கு இரண்டு பேரை நினைவூட்டுகிறேன். மொராக்கோ வம்சாவளியைச் சேர்ந்த அப்தல்ஹக் நூரி, நெதர்லாந்தின் அயாக்ஸ் அணி வீரர். 2017 ஜூலை 8 அன்று ஆஸ்திரியாவில் நடந்த நட்பு ஆட்டத்தில் மைதானத்திலேயே இதயத் துடிப்புத் தாறுமாறாகிச் சாய்ந்தார். வயது 20. உயிர் பிழைத்தார். ஆனால் மூளை மீள முடியாமல் பாதிக்கப்பட்டுவிட்டது. களத்தில் தந்த சிகிச்சை போதுமானதாக இல்லை என்று அடுத்த ஆண்டு அந்தக் கழகமே ஒப்புக்கொண்டது.

டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சனும் ஒரு காலத்தில் அதே அயாக்ஸ் அணியில் ஆடியவர். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில், உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதயம் நின்று விழுந்தார். மருத்துவக் குழு ஓடிவந்தது. அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், அதிர்ச்சிக் கருவியை வைத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது விழித்திருந்தார். மார்பில் கருவி பொருத்திக்கொண்டு எட்டு மாதம் கழித்து மீண்டும் ஆட வந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார். இருவருக்கும் நின்றது இதயம்தான். முதல் சில நிமிடங்கள்தான் வேறு.

'அங்கே மருத்துவர்கள் இருந்தார்கள், இங்கே யார் இருக்கிறார்கள்?' என்று கேட்பீர்கள். சூதாட்டம் நமக்கு விலக்கப்பட்டது. ஆனால் அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் காவலாளிகளிடமிருந்து ஒரு பாடம் கற்கலாம். அவர்களுக்கு நெஞ்சை அழுத்தவும் அதிர்ச்சிக் கருவியை இயக்கவும் பயிற்சி தந்தார்கள். அதன் பலன் 2000-ஆம் ஆண்டு வெளியானது. விழுந்த மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கொடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 74 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டியதும் அது 49 ஆகிவிட்டது. காப்பாற்றியவர்கள் மருத்துவர்கள் அல்ல, வாசல் காவலாளிகள்!

செய்ய வேண்டியவை

இனி உங்களிடம் மூன்றே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: 30 வயது தாண்டிய ஒவ்வொருவரும் இந்த மாதம் முடிவதற்குள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சோதித்து, எண்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். காசு ஒரு தடையல்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள்.

இரண்டு: ஒவ்வொரு கடைவீதியிலும் பத்து இளைஞர்கள் முன்வந்து நெஞ்சு அழுத்தும் பயிற்சி பெறுங்கள். அரை நாள் போதும். வணிகர்கள் சேர்ந்து காசு போட்டால் தானியங்கி அதிர்ச்சிக் கருவி ஒன்றையும் வாங்கி வைக்கலாம். எங்கே ஒட்ட வேண்டும், எப்போது அமுக்க வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்துச் சாவியைத் தலைவர் வீட்டில் வைக்காதீர்கள்.

மூன்று: பக்கத்துக் கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டினால், அவர் 'வாயு' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீங்களே 108-க்குப் போன் போடுங்கள். அவர் கல்லாவைப் பூட்டிச் சாவியை அவர் வீட்டாரிடம் சேர்ப்பதை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் ஒரு பொம்மையை வைத்திருக்கிறோம். நெஞ்சை எப்படி அழுத்துவது என்று செய்து காட்டுவார்கள். சாப்பிடப் போவதற்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள். முதலில் பெரியவர்கள் வாருங்கள்.